கையில் தீர்ப்பு, கடனாளி அக்கரையில்

சட்டக் கேள்வி பதில்

கொடுத்த பணம் திரும்பவில்லை. நீதிமன்றமும் நம் பக்கம் சொல்லிவிட்டது. ஆனால் கொடுக்க வேண்டியவர் ஜொகூரிலோ தஞ்சாவூரிலோ இருக்கிறார். இந்த இதழுக்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் இதைச் சுற்றியே இருக்கின்றன. சிங்கப்பூர் நீதிமன்றத்தின் ஆணை சிங்கப்பூர் எல்லைக்குள்தான் செல்லுபடியாகும். அக்கரையில் அந்த நாட்டு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டால்தான் ஒரு காசு கைக்கு வரும். ஆகவே வழக்குப் போடுவதற்கு முன்பே, அவருடைய சொத்து எந்த நாட்டில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பதை அதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: வீட்டுப் புதுப்பிப்பு வேலைக்கு 18,000 சிங்கப்பூர் வெள்ளி வாங்கிய ஜொகூர் பாரு குத்தகையாளர் பாதி வேலையோடு நின்றுவிட்டார். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் எனக்குச் சாதகமாக ஆணை வந்தது. இன்னும் ஒரு வெள்ளிகூடத் தரவில்லை. அந்த ஆணையை ஜொகூர் நீதிமன்றத்தில் கொடுத்துப் பணத்தை வசூலிக்க முடியுமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: நேரடியாக முடியாது. வெளிநாட்டுத் தீர்ப்புகளைப் பதிவு செய்ய மலேசியாவில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் அட்டவணையில் சிங்கப்பூருக்கு நேரே இருப்பது உயர் நீதிமன்றம் மட்டும். நடுவர் மன்ற ஆணைக்கும், மாஜிஸ்திரேட் நீதிமன்ற, மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகளுக்கும் அங்கே பதிவு கிடையாது. இங்கே 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 250,000 வரை மாவட்ட நீதிமன்றம் என்று இருப்பதால், குடும்பங்களின் கடன் வழக்குகள் ஏறக்குறைய எல்லாமே அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. தினமும் இத்தனை பேர் பாலத்தைக் கடந்து வேலைக்கு வந்துபோகும் இடத்தில், சின்னத் தொகைக்காரர்களுக்குத்தான் எளிய வழி இருக்க வேண்டும். அது இல்லாதது பெரிய குறை.

அதனால் ஜொகூருக்குப் போகுமுன் இங்கேயே தேடுங்கள். பணத்தைப் பேநவ் மின்பணமாற்று வழியாக அனுப்பினீர்களா? அந்த ரசீதை எடுத்துப் பாருங்கள். கைத்தொலைபேசி எண்ணுக்குப் போயிருந்தால் அது தனிநபர் கணக்கு. யுஇஎன் எனப்படும் நிறுவனப் பதிவு எண்ணுக்குப் போயிருந்தால் சிங்கப்பூரில் பதிவான நிறுவனம். யுஇஎன் தெரிந்தால் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையதளத்தில் 5.50 வெள்ளி கட்டி நிறுவன விவரத்தை எடுக்கலாம். உரிமையாளர் யார், பதிவு முகவரி எது, நிறுவனம் இன்னும் நடக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். நடுவர் மன்ற ஆணையில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஆணை அந்த மனிதரின் பெயரில், பணம் போனதோ பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் கணக்கில் என்றால், நிறுவனத்தின் கணக்கை நீங்கள் தொட முடியாது. அமலாக்கம் முட்டி நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பெயர் சரியாக இருந்தால் அமலாக்க ஆணைக்கு விண்ணப்பம் செய்யுங்கள். 2022 ஏப்ரல் 1-இல் நடப்புக்கு வந்த நீதிமன்ற விதிகளின்படி, சொத்தைக் கைப்பற்றி விற்பது, வங்கிக் கணக்கை முடக்கி எடுப்பது ஆகியவற்றை ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம். ஆணையின் நகல் அவரிடம் சேர்ந்து 3 நாள் கழிந்திருக்க வேண்டும். வழக்குரைஞர் இல்லாதவர்கள் சேவை நிலையம் மூலம் தாக்கல் செய்யலாம். எந்த வங்கி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீதிமன்ற அமலாக்க அதிகாரியான ஷெரிஃப் உங்களுக்காகத் தேடித் தரமாட்டார்.

வங்கிக் கணக்கு காலியாக இருக்கலாம். அப்போது அவருக்குப் பணம் தரவேண்டியவர் யார் என்று யோசியுங்கள். அவர் இப்போது செங்காங்கிலோ புங்கோலிலோ வேறொரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தால், அந்த வீட்டுக்காரர் அவருக்குக் கொடுக்க வேண்டிய அடுத்த தவணையும் ஒரு கடன்தான். அதையும் இணைக்கக் கேட்கலாம். சிங்கப்பூர் எண் போட்ட வேன் இருந்தால் அதைக் கைப்பற்றலாம். அவர் இங்கே வந்துபோகிறவராக இருந்தால், சொத்து விவரங்களைச் சொல்லச் சொல்லி நீதிமன்ற விசாரணைக்கு அழைக்கும் ஆணையை வேலையிடத்திலேயே நேரில் கொடுக்கலாம். அந்த ஆணைக்கு வராமல் இருந்தால் நீதிமன்ற அவமதிப்பு, சிறை வரை போகும். 18,000 வெள்ளிக்காக அந்த நிலைக்குப் போக விரும்புகிறவர் குறைவு.

இங்கே ஒன்றுமே இல்லை என்றால் மலேசியாவில் புதிதாக வழக்குப் போட வேண்டும். உங்கள் தொகை ரிங்கிட் கணக்கில் 100,000-க்குள் வரும் என்பதால் அங்குள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றமே போதும். ஒப்பந்த மீறலுக்காக ஒரு கோரிக்கை, சிங்கப்பூர் ஆணையை ஒரு கடனாக வைத்து மாற்றுக் கோரிக்கை என்று இரண்டையும் ஒரே மனுவில் வைக்கச் சொல்லுங்கள். நடுவர் மன்ற விசாரணைக்கு அவர் வந்து தன் தரப்பைச் சொன்னாரா என்பது இங்கே முக்கியம். வந்து வாதாடியிருந்தால் சிங்கப்பூரின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டவர் ஆகிறார். எட்டியே பார்க்கவில்லை என்றால் இரண்டாவது கோரிக்கை பலவீனம், முதல் கோரிக்கையைத்தான் நம்ப வேண்டும். அதனால் விலைக்குறிப்பு, ரசீது, பாதி வேலையின் படங்கள், குறுஞ்செய்திகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

செலவையும் கணக்கிடுங்கள். தீபகற்ப மலேசியாவில் ஆவணங்கள் மலாய் மொழியில் இருக்க வேண்டும். வழக்குப் போடுகிறவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால், எதிராளி தன் செலவுக்குப் பிணைத்தொகை கட்டச் சொல்லிக் கேட்கலாம். அவர் பெயரில் நிலமோ, வீடோ, நடக்கிற நிறுவனமோ இருக்கிறதா என்று நிலப் பதிவகத்திலும் எஸ்எஸ்எம் நிறுவனப் பதிவகத்திலும் முதலில் தேடச் சொல்லுங்கள். மலேசிய நொடிப்பு (திவால்) துறையிலும் தேட வேண்டும். ஏற்கெனவே நொடித்துப்போனவர் என்று வந்தால் அத்தோடு விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

கேள்வி: அப்படியானால் சின்னத் தொகைக்கும் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டால் என்ன?
- வாசகர், சுவா சூ காங்

பதில்: போடலாம், ஆனால் நிலைக்காது. எதிராளி கேட்டாலோ நீதிபதி நினைத்தாலோ கீழ் நீதிமன்றத்துக்கு மாற்றிவிடுவார்கள். ஜெயித்தாலும் கீழ் நீதிமன்ற அளவில்தான் செலவுத் தொகை கிடைக்கும். வெளிநாட்டில் அமல்படுத்த வேண்டியிருக்கிறது என்பதைக் காரணமாகச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் வைத்துக்கொள்ளக் கேட்கலாம். அது போதுமான காரணமா என்பது நீதிபதியின் விருப்புரிமை. 200,000 வெள்ளி வழக்கென்றால் முயன்று பார்க்கலாம். 20,000 என்றால் வேண்டாம்.

கேள்வி: இங்கே ஒன்றாக வேலை பார்த்த நண்பருக்கு 2022 மார்ச்சில் 45,000 வெள்ளி கடன் கொடுத்தேன். "கேட்கும்போது தருகிறேன்" என்று புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். 2024 ஜனவரியில் வேலையை விட்டுத் தஞ்சாவூருக்கே போய்விட்டார். அங்கே அவருக்கு வீடும் நிலமும் உண்டு. இன்னும் வழக்குப் போடவில்லை. இங்கே போடுவதா, அங்கே போடுவதா?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: தஞ்சாவூரில் போடுங்கள். பலர் முதலில் சிங்கப்பூரில் தீர்ப்பு வாங்கிவிட்டுப் பிறகு அதை ஊருக்கு எடுத்துப் போகலாம் என்று நினைக்கிறார்கள். உங்கள் தொகைக்கு அது இரட்டைச் செலவு.

இந்தியாவின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவு, சில நாடுகளின் மேல்நிலை நீதிமன்றத் தீர்ப்புகளை இந்தியத் தீர்ப்பு போலவே நிறைவேற்ற இடம் தருகிறது. சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் உண்டு, ஆனால் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு மட்டும். 45,000 வெள்ளி வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். அந்தத் தீர்ப்பை வைத்து இந்தியாவில் மறுபடியும் ஒரு வழக்குப் போட வேண்டும், அதுவும் தீர்ப்பு நாளிலிருந்து 3 ஆண்டுக்குள்.

சம்மனை அவரிடம் முறைப்படி சேர்ப்பது (சார்வு) இன்னொரு தலைவலி. நீதிமன்ற ஆவணங்களை வெளிநாட்டில் சேர்ப்பிப்பதற்கான ஹேக் உடன்படிக்கை சிங்கப்பூரில் 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. ஆனால் தபாலில் நேராக அனுப்புவதை இந்தியா ஏற்கவில்லை. இந்தியச் சட்ட அமைச்சு வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இவ்வளவும் செய்து அவர் வரவில்லை என்றால் ஒருதலைத் தீர்ப்புதான் கிடைக்கும். அதை இந்திய நீதிமன்றம் ஏற்குமா என்பது தனிச் சண்டை. அடுத்த பதிலில் அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறோம்.

இனி கால வரம்பு. இதில்தான் பணம் கொடுத்தவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சிங்கப்பூரில் 6 ஆண்டு, இந்தியாவில் 3 ஆண்டுதான். சிங்கப்பூரில் கொடுத்த கடனானாலும் இந்திய நீதிமன்றம் இந்தியக் கால வரம்பையே பார்க்கும். "கேட்கும்போது தருகிறேன்" என்று எழுதிய நோட்டுக்கு, நீங்கள் கேட்ட நாளிலிருந்து கணக்கு ஓடாது. நோட்டு எழுதிய நாளிலிருந்தே ஓடும். அப்படிப் பார்த்தால் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அவசரப்பட்டு நம்பாதீர்கள். இந்தியக் காலவரம்புச் சட்டம் 15-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு, கடனாளி இந்தியாவுக்கு வெளியே இருந்த காலத்தைக் கழித்துவிடச் சொல்கிறது. அவர் 2024 ஜனவரி வரை சிங்கப்பூரில் இருந்தார் என்பதைக் காட்டினால் உங்கள் 3 ஆண்டு 2027 ஜனவரி வரை வரும். நடுவில் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் போன நாட்கள் கழியாது, அவை அவருடைய கணக்கில் ஓடிய நாட்களே. ஆகவே கடைசி மாதம் வரை காத்திருக்காமல் சில மாதம் முன்னதாகவே தாக்கல் செய்யுங்கள்.

வரம்பு முடியுமுன் அவர் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். கொஞ்சம் பணம் திருப்பித் தந்தாலும் அப்படியே, ஆனால் அந்தப் பணம் கட்டியதை அவர் கைப்பட எழுதியோ கையெழுத்திட்டோ இருக்க வேண்டும். வங்கி வரவை மட்டும் காட்டினால் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் விடமாட்டார். "அடுத்த மாசம் தந்துடறேன் அண்ணே" என்ற வாட்ஸ்அப் செய்தி உதவும், ஆனால் அதையே நம்பி உட்காராதீர்கள். ஒரு தாளில் தொகை, தேதி, கையெழுத்து வாங்குவதற்கு ஈடு இல்லை. ஏற்கெனவே வரம்பு தாண்டிய கடனுக்குக்கூட, "தருகிறேன்" என்று புதிதாக எழுதிக் கையெழுத்திட்டால் இந்திய ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி அது செல்லும்.

ஆவணங்களுக்கு வருவோம். வெளிநாட்டில் எழுதிய புரோநோட்டை இந்தியாவில் பயன்படுத்துமுன் முத்திரைவில்லை ஒட்டி, அந்த வில்லையை (மறுபடி பயன்படாதபடி) ரத்து செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு நேராக நீதிமன்றத்தில் கொடுத்தால் நோட்டைச் சாட்சியமாக ஏற்பதிலேயே தகராறு வரும். வங்கி மாற்றலுக்கு வங்கி முத்திரையோடு அறிக்கை வாங்குங்கள். குறுஞ்செய்திகளைத் தாளில் எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் ஏ, பி என இரண்டு பாகங்கள் உண்டு. முதல் பாகத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டாவதில் நிபுணர். செய்திகள் இருக்கிற கைத்தொலைபேசியை மாற்றிவிடாதீர்கள்.

நீங்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தஞ்சாவூர் போக முடியாது. ஊரில் நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். இங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர் சட்டக் கழகத்தில் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்றொப்பம்) பெற வேண்டும். 2021 செப்டம்பர் 16 முதல் இந்த வசதி இருக்கிறது. அல்லது இந்தியத் தூதரகத்தில் செய்துகொள்ளலாம். பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்து 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். பத்திரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்துக் கொடுப்பவர்களால் வழக்கு தொடங்குமுன்பே தடங்கல். ஒன்று மட்டும்: பணம் கொடுத்தது உங்களுக்குத்தான் நேரில் தெரியும். அதிகாரம் பெற்றவர் உங்களுக்குப் பதிலாக அந்தச் சாட்சியத்தைச் சொல்ல முடியாது. விசாரணைக் கட்டத்தில் நீங்கள் ஒருமுறையாவது கூண்டில் ஏற வேண்டியிருக்கும், அல்லது காணொளி வழி சாட்சி சொல்ல அனுமதி கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 விழுக்காடு. உங்கள் தொகை 30 லட்சம் ரூபாய்க்கு அருகில் வந்தால் கட்டணமே 90,000 ரூபாய் அளவில் ஆகும். உங்களுக்கு இந்தியாவில் போதுமான நிலமோ வீடோ இல்லை என்றால் எதிராளியின் செலவுக்குப் பிணைத்தொகையும் கேட்கப்படலாம். தாக்கல் செய்யும்போதே, அவர் நிலத்தை விற்றுவிடாமல் இருக்கத் தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்கும் பற்றுகைக்கும் மனு போடச் சொல்லுங்கள். விற்க முயல்கிறார் என்பதற்கு ஏதாவது ஆதாரம் இருக்க வேண்டும். வெறும் சந்தேகத்துக்குக் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. நோட்டில் வட்டி எழுதியிருக்கிறதா? சிங்கப்பூரின் கடன்கொடுப்போர் சட்டத்தில், கொடுத்ததைவிட அதிகமாகத் திருப்பித் தரச் சொல்லிக் கடன் கொடுப்பவர் அதைத் தொழிலாகச் செய்பவர் என்றே முதலில் அனுமானிக்கப்படுவார். ஒரே நண்பருக்கு ஒரே முறை கொடுத்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். பலருக்கும் வட்டிக்குக் கொடுத்த பழக்கம் உண்டென்றால் வழக்குரைஞரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வணிகக் கூட்டாளிக்கு எதிராகச் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் 310,000 வெள்ளிக்குத் தீர்ப்பு கிடைத்திருக்கிறது. அவர் வழக்கறிஞர் வைத்து முழுதாக வாதாடித் தோற்றார். சென்னையில் அவருக்கு அடுக்குமாடி வீடு இருக்கிறது. அடுத்து என்ன செய்வது?
- வாசகர், புக்கிட் தீமா

பதில்: உங்கள் நிலை நல்ல நிலை. 44ஏ பிரிவின்படி புதிய வழக்கு தேவையில்லை, நேராக நிறைவேற்று மனு போடலாம். இங்கிருந்து இரண்டு தாள் வேண்டும். ஒன்று, தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகல். மற்றொன்று, இதுவரை எவ்வளவு வசூலானது, எவ்வளவு பாக்கி என்று உயர் நீதிமன்றம் தரும் சான்றிதழ். இரண்டாவதை மறந்துவிட்டுப் போகிறவர்களின் மனு திரும்பிவிடும்.

எதிராளி அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவைக் காட்டி எதிர்ப்பார். அதிகாரமில்லாத நீதிமன்றம், தகுதி அடிப்படையில் சொல்லாத தீர்ப்பு, இந்தியச் சட்டம் பொருந்த வேண்டிய இடத்தில் அதை மறுத்தது, தன் பக்கம் சொல்ல வாய்ப்புத் தராதது, மோசடி, இந்தியச் சட்டத்தை மீறிய கோரிக்கை என்று 6 காரணங்கள் அதில் உண்டு. முழுதாக வாதாடித் தோற்றவருக்கு இவற்றில் எதுவும் எளிதில் கைகொடுக்காது. ஒருதலைத் தீர்ப்பு வாங்கியவர்களுக்குத்தான் சிக்கல். எதிராளி வரவில்லை என்பதற்காகவே ஆதாரத்தைப் பார்க்காமல் கொடுத்த தீர்ப்பு தகுதி அடிப்படையிலானது அல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2001-இல் இன்டர்நேஷனல் ஊலன் மில்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் எதிராளி வராத வழக்கு நடத்துகிறவர்கள், தானாக வரும் தீர்ப்போடு நிற்காதீர்கள். பிரமாணப் பத்திரமும் ஆவணங்களும் தாக்கல் செய்து, அவற்றைப் பரிசீலித்ததாக நீதிபதி சில வரிகளாவது காரணம் எழுதும்படி கேளுங்கள். இங்கே கூடுதலாக ஓரிரு மாதம் ஆகலாம். அங்கே பல ஆண்டுகள் மிச்சம்.

சென்னையில் முதல் வேலை, வீட்டின்மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று. தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், கதவு எண், பிரிக்கப்படாத நிலப் பங்கு எல்லாம் மனுவின் சொத்து அட்டவணையில் அதில் உள்ளபடியே இருக்க வேண்டும். சர்வே எண்ணின் உட்பிரிவு ஒன்று தவறினாலும் பற்றுகை வேறொருவர் வீட்டின்மீது விழும் அல்லது மனு திருத்தத்துக்குத் திரும்பும். வீடு வங்கி அடமானத்தில் இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இருந்தால் வங்கிக்குப் போக மீதிதான் உங்களுக்கு.

44ஏ மனுவில் கடனாளிக்கு முன்னறிவிப்புக் கொடுத்தே ஆக வேண்டும். அறிவிப்பு போனதும் மனைவி பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதுவதும், தம்பிக்கு விற்றதாகக் காட்டுவதும் நடக்கிற கதை. ஆகவே மனுவோடு சேர்த்து இடைக்காலத் தடைக்கும் சொத்து விவரப் பிரமாணப் பத்திரத்துக்கும் கேளுங்கள். கடன் கொடுத்தவரை ஏமாற்றச் செய்த மாற்றத்தைச் சொத்து மாற்றுச் சட்டம் 53-ஆம் பிரிவில் ரத்து செய்யலாம், ஆனால் அதற்குத் தனி வழக்கு, தனிக் காலம். நிறைவேற்று மனுக்களை 6 மாதத்துக்குள் முடிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. நடைமுறையில் குடும்பத்தினர் ஒவ்வொருவராக ஆட்சேப மனு போட்டு இழுப்பார்கள். அதை எதிர்பார்த்தே வழக்குரைஞர் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஈப்போவில் இருக்கிறேன். சிங்கப்பூரில் வசிக்கும் உறவினர்மீது மலேசிய உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியிருக்கிறேன். அவருக்கு அங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, மசேநிதி (மத்திய சேமநிதி) எல்லாம் இருக்கிறது. எதை எடுக்கலாம்?
- வாசகர், ஈப்போ

பதில்: நீங்கள் சொன்ன இரண்டையுமே எடுக்க முடியாது. வீவக வீட்டைக் கடனுக்காகக் கைப்பற்ற முடியாது. மசேநிதிச் சேமிப்புக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. மாதச் சம்பளத்தை முதலாளியிடம் பிடிக்கவும் முடியாது. வங்கிக் கணக்கு, பங்குகள், கார், தனியார் அடுக்குமாடி வீடு ஆகியவை எடுக்கக்கூடியவை. கணவன் மனைவி கூட்டாக வைத்திருக்கும் தனியார் வீட்டில் கடனாளியின் பங்கையும் கைப்பற்றலாம் என்று சிங்கப்பூர் நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன.

வழியைப் பார்ப்போம். முன்பு காமன்வெல்த் தீர்ப்புகளுக்குத் தனிச் சட்டம் இருந்தது, 12 மாதத்துக்குள் பதிய வேண்டும் என்று நெருக்கடி. அது 2023 மார்ச் 1-இல் ரத்தானது. இப்போது மலேசியா, இந்தியா, இலங்கை எல்லாம் 1959-ஆம் ஆண்டு வெளிநாட்டுத் தீர்ப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன, மேல்நிலை நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு. கால வரம்பு தீர்ப்பு நாளிலிருந்து 6 ஆண்டு. உங்கள் தீர்ப்பு 2023 மார்ச்சுக்கு முந்தியது என்றால் எந்தச் சட்டம் பொருந்தும் என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

உயர் நீதிமன்றப் பொதுப் பிரிவில் எதிர்த்தரப்புக்கு அறிவிக்காமலே விண்ணப்பிக்கலாம். பிரமாணப் பத்திரத்தோடு தீர்ப்பின் சான்றளித்த நகல், மலாயில் இருந்தால் அத்தாட்சி பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, தீர்ப்பு மலேசியாவில் இன்னும் நிறைவேற்றக்கூடியதா என்பதை அதில் சொல்ல வேண்டும். பதிவான பின் கடனாளிக்கு அறிவிப்பு, ஆட்சேபிக்க ஒரு கெடு. அந்தக் கெடு முடியும்வரை கைவைக்கக் கூடாது. பதிவு செய்யக்கூடிய தீர்ப்பை வைத்துக்கொண்டு, பதிவு வேண்டாம் என்று இங்கே புதிய கடன் வழக்குப் போட்டால் அதைச் சட்டமே தடுக்கிறது. சிலர் அப்படிப் போட்டு நீதிமன்றக் கட்டணத்தை இழக்கிறார்கள்.

உறவினர் மலேசிய வழக்கில் வரவே இல்லை, அப்போதும் சிங்கப்பூரில்தான் வசித்தார், மலேசிய நீதிமன்றத்தை ஒப்பந்தத்திலும் ஏற்கவில்லை என்றால் பதிவு ரத்தாக வாய்ப்பு அதிகம். அப்படியானால் சிங்கப்பூரிலேயே மூலக் கடனுக்கு வழக்குப் போடுவது நல்லது, 6 ஆண்டு கடந்துவிடாமல்.

பாக்கி 15,000 வெள்ளிக்கு மேல் என்றால், பதிவுக்குப் பின் முறையான கோரிக்கைக் கடிதம் கொடுத்து 21 நாள் கழித்து நொடிப்பு விண்ணப்பம் போடலாம். அதிலும் மசேநிதிக்குப் பாதுகாப்பு உண்டு. சிங்கப்பூரர் ஒருவராவது உரிமையாளராக இருக்கும் வீவக வீட்டுக்கும் உண்டு. அவருக்குக் கடன் கொடுத்த மற்றவர்களோடு பங்கு போட வேண்டியிருக்கும். ஆனால் நொடித்துப்போனவர் என்ற பெயர் வந்தால் வேலை போகும் நிலையில் இருப்பவர்கள், கடிதம் வந்த உடனே தவணைக்கு ஒத்துக்கொள்வது வழக்கம்.

கேள்வி: கடனாளி ஒர்க் பெர்மிட்டை ரத்து செய்துவிட்டு ஊருக்குப் போகப்போகிறார். விமான நிலையத்தில் நிறுத்த முடியுமா? முதலாளி கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைக்கலாமா?
- வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: தீர்ப்பு கையில் இருப்பதாலேயே யாரையும் நிறுத்த முடியாது. நொடித்துப்போனவர் என்று அறிவிக்கப்பட்டவர்தான் வெளிநாடு செல்ல, நொடித்தவரின் சொத்தை நிர்வகிக்கும் அரசு அதிகாரியான அதிகாரபூர்வ ஒப்படைப்பாளரின் அனுமதி பெற வேண்டும். முதலாளி பிடித்து வைக்கும் பணம் வருமான வரி ஆணையத்துக்கானது, உங்கள் கடனுக்கு அதில் பங்கில்லை. பெரிய தொகையும், சொத்தை மறைக்கிறார் என்பதற்கு உறுதியான ஆதாரமும் இருந்தால் சொத்து முடக்க ஆணை கேட்கலாம். தவறாக வாங்கினால் அவருடைய நட்டத்தை நீங்கள் ஈடு செய்வதாக உறுதி கொடுக்க வேண்டும். சின்னத் தொகைக்கு இது வேண்டாம். அவர் புறப்படுமுன் ஊர் முகவரி, ஆதார் அல்லது கடவுச்சீட்டு நகல், கடனை ஒப்புக்கொண்ட கையெழுத்து ஆகிய மூன்றையும் வாங்கிவிடுங்கள். பிறகு ஊரில் வழக்குப் போட அவை போதும்.

கேள்வி: தீர்ப்புத் தொகைக்கு வட்டி உண்டா? எத்தனை ஆண்டு காத்திருக்கலாம்?
- வாசகர், ஈசூன்

பதில்: நீதிமன்றம் வேறு விகிதம் சொல்லாவிட்டால் ஆண்டுக்கு 5.33 விழுக்காடு தனிவட்டி. 10,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 533 வெள்ளி. மலேசியத் தீர்ப்புகளுக்கு 5 விழுக்காடு. சிங்கப்பூரில் தீர்ப்பு வந்து 6 ஆண்டு கடந்துவிட்டால் அமலாக்கத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். தீர்ப்பை வைத்துப் புதிய வழக்குப் போட 12 ஆண்டு வரம்பு. பாக்கி வட்டி 6 ஆண்டுக்கு மேல் கிடைக்காது. மலேசியாவில் பதிவு செய்வதற்கும் 6 ஆண்டுதான். வட்டி சேரட்டும் என்று காத்திருப்பதால் லாபமில்லை. அதற்குள் அவர் வங்கியை மாற்றிவிடுவார், நிலத்தை விற்றுவிடுவார்.